என் ஜேர்சி விளையாடிய போட்டி

எங்கள் உதைபந்தாட்டக் கழகத் தலைவருக்குப் பச்சை என்றால் உயிர். கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் அவருடைய ஹாட்வெயார் கடைக்குப் பச்சை, லொறிக்குப் பச்சை, வீட்டு மதிலுக்கும் பச்சை. அவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லித் தொடங்கலாம் என்று பார்த்தேன். யோசித்ததுதான் மிச்சம். ஆகவே பச்சையிலிருந்தே தொடங்குகிறேன். நடந்தது எல்லாவற்றுக்கும் அந்தப் பச்சைதான் காரணம்.

நான் அந்தக் கழகத்தின் தடுப்பாட்டக்காரன். பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வீடு, கட்டுகஸ்தோட்டை டைல்ஸ் கடையில் வேலை, வேலை முடிந்ததும் மைதானம். பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து இதுதான் என் பிழைப்பு. நாலாம் இலக்கம் என்னுடையது. அப்படி யாரும் பட்டயம் எழுதித் தரவில்லை. ஆனால் மூட்டையை அவிழ்த்து ஜேர்சிகளை எறியும்போது நாலு மட்டும் எப்போதும் என் மடியில் வந்து விழும். எனக்கு முப்பத்து மூன்று வயதாகிவிட்டது. தடுப்பாட்டக்காரனுக்கு அது ஒரு வயதே இல்லை என்று நான் சொல்வேன். கோச் வேறு மாதிரிச் சொல்வார்.

எங்கள் கழகத்தில் ஜேர்சி ஒருவருக்கும் சொந்தமில்லை. அப்போது அது மட்டும்தான் பச்சையாக இல்லை, சிவப்பு. மெட்ச் முடிந்ததும் கழற்றி, உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் போட்டுவிட வேண்டும். மறதியாக அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவன் அடுத்த மெட்ச்சில் வெளியே குந்தியிருப்பான். இது தலைவர் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தை ஒரே ஒரு நாள் அவரே மீறினார். யாரும் எதிர்பாராமல் நாங்கள் நாட்டின் லீக்கை வென்ற நாள் அது.

இறுதிப் போட்டியின் கடைசி நிமிடங்களில் எதிரணியின் முன்கள வீரன் ஒருவன் என்னைத் தாண்டப் பார்த்தான். நான் விடவில்லை. அவன் என் கையைப் பிடித்து இழுத்தான். ஜேர்சியின் தோள்பட்டைத் தையல் சர்ரென்று கிழிந்தது, பந்து மட்டும் என் காலில் இருந்தது. விசில் ஊதியதும் தலைவர் தன் பச்சை லொறியில் ஏறி நின்றுகொண்டு, "இன்னைக்குப் போட்டிருக்கிறத அவனவன் வீட்டுக்குக் கொண்டு போங்கடா!" என்று கத்தினார். அந்த மனிதர் வாழ்நாளில் எங்களுக்குக் கொடுத்த ஒரே பொருள் அந்தச் சிவப்பு ஜேர்சிதான். அதுவும் பழசு, அதுவும் கிழிசல்.

அம்மா அதைத் தைத்துக் கொடுத்தார். வீட்டில் சிவப்பு நூல் இல்லை. கறுப்பு நூலால் தோளிலிருந்து அக்குள்வரை நெருக்கமாகத் தைத்து, மீதி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "யாரு பாக்கப் போறா" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

லீக்கை வென்ற கழகத்துக்கு ஆசியக் கழகங்கள் மோதும் சுற்றுப்போட்டியின் தகுதிகாண் சுற்றில் இடம் உண்டு. எங்கள் பிரிவில் மூன்று கழகங்கள்: மாலைதீவிலிருந்து ஒன்று, பூட்டானிலிருந்து ஒன்று, நாங்கள். அந்தப் பிரிவின் எல்லா மெட்ச்சும் கண்டியிலேயே நடக்கும் என்று அறிவிப்பு வந்தது. செய்தி வந்த அன்று டைல்ஸ் கடையில் ஒரு பெட்டியைக் கீழே போட்டு உடைத்தேன். முதலாளி திட்டியது காதில் விழவேயில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் கேட்டது பெரிய விஷயமில்லை. கோல் அடிக்க வேண்டாம், வெல்லக்கூட வேண்டாம். மற்றொரு நாட்டுக் கழகத்துக்கு எதிராக ஒரு முறை மைதானத்தில் இறங்கி, வரிசையில் நின்று, ஒரு பந்தை வெளியே தட்டிவிட்டால் போதும். பதினைந்து வருடமாக மழையிலும் அட்டைக் கடியிலும் ஓடியதற்குக் கூலியாக அந்த ஒரு பிற்பகலைத்தான் கேட்டேன். கடவுளிடமும் கேட்டேன், கோச்சிடமும் கேட்டேன்.

தலைவர் என்ன செய்தார்? முதலில் பச்சையில் புது ஜேர்சி தைத்தார். பிறகு அந்தப் பச்சைக்குள் போட வெளிநாட்டு ஆட்களைத் தேடினார். மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த தடுப்பாட்டக்காரன், என்னைவிட ஒரு சாண் உயரம், பத்து வயது குறைவு. மைதானத்தில் சிலர் அவன் நிறத்தைச் சொல்லிச் சிரித்தார்கள். கொழுந்து மலையில் வெயில் குடித்த தங்கள் முதுகைக் கண்ணாடியில் பார்க்காத மடையர்கள். நான் அவனை வெறுத்தது உண்மை, ஆனால் நிறத்துக்காக அல்ல. அவன் என் இடத்துக்கு வந்தவன், அது போதுமானதாக இருந்தது.

கோச் என்னை மைதானத்தின் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கெட்ட செய்தி சொல்வதென்றால் அவர் தோளில் கை போடுவார். போட்டார்.

"இது இன்டர்நெஷனல், தம்பி. வேகம் வேற. நீ லோக்கலுக்குப் போதும்."

"லோக்கல்ல ஜெயிச்சு இங்க கொண்டாந்து விட்டது யாரு, சேர்?"

"உன் பேரையும் பதிஞ்சிருக்கோம்லா. இருபத்தாறு."

"இருபத்தாறு ஜேர்சி எங்க?"

அவர் மலையைப் பார்த்தார். "அதுவரைக்கும் இன்னும் தைக்கல."

நாலு யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அடுத்த நாள் பயிற்சியில் அவன் முதுகில் பார்த்தேன். பச்சைத் துணியில் வெள்ளை நாலு. ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ என்பார்களே, அதை ஒரு மனிதனின் முதுகில் இத்தனை பெரிய எழுத்தில் நான் அதுவரை கண்டதில்லை. என்னை எதிரணிக்காரன்போல முன்னால் நிறுத்தி, புதியவனைப் பயிற்றுவித்தார்கள். அதாவது என் இடத்தில் நிற்க அவனுக்கு நானே பழக்கிக் கொடுக்க வேண்டும்.

பந்து வந்தபோது பந்தை விட்டுவிட்டு அவன் கணுக்காலுக்கே போனேன். நன்றாகத்தான் பட்டது. அவன் புல்லில் உருண்டு, எழுந்து, காலை உதறிவிட்டு, என் தோளில் தட்டி, "குட் டெக்கிள்" என்றான். நல்ல தடுப்பாம். கோபப்பட்டிருந்தால் அவனுக்கு ஒரு மரியாதை வைத்திருப்பேன். அந்தத் தட்டலை நினைத்தால் இப்போதும் தோள் எரிகிறது. அன்றோடு பயிற்சிக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

முதல் மெட்ச்சுக்கு முந்தைய நாள் பௌர்ணமி, போயா. கடைக்கு விடுமுறை. நான் வீட்டு வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். கீழ்த் தோட்டத்து வளைவில் ஓர் ஓட்டோ மூச்சிரைத்துக்கொண்டு ஏறி வந்தது. அதிலிருந்து இறங்கியவன் எங்கள் கோல்கீப்பர். கட்டுகஸ்தோட்டையில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவன், எனக்குப் பின்னால் அத்தனை வருடமும் நின்றவன், என் முதுகை என்னைவிட நன்றாக அறிந்தவன். அவனுக்குப் பின்னால், தலை கூரையில் இடிக்காமல் குனிந்து, அந்த நாலாம் இலக்கக்காரனும் இறங்கினான்.

"இவன ஏன் கொண்டாந்த?" என்றேன்.

"மச்சான், கோவத்த கொஞ்சம் அங்கால வெச்சிட்டுக் கேளு. பெரிய வில்லங்கம் ஒண்டு ஈக்குது." இருக்குது என்பது அவன் வாயில் எப்போதும் ஈக்குதுதான்.

அன்று காலை கண்டியில் போட்டிக்கு முந்தைய கூட்டம் நடந்திருக்கிறது. மறுநாள் மோதும் இரண்டு கழகங்களும் தங்கள் ஜேர்சியை மேசையில் விரிக்க வேண்டும். எங்கள் தலைவர் பச்சையை விரித்திருக்கிறார். மாலைதீவுக்காரர்களும் விரித்திருக்கிறார்கள். அதுவும் பச்சை. தலைவர் சிரித்துக்கொண்டே, "இது எங்க ஊரு, விருந்தாளிங்கதான் மாத்தணும்" என்று சொல்லியிருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த போட்டி ஆணையாளர் அட்டவணையைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். அந்த மெட்ச்சுக்கு மாலைதீவின் பெயர்தான் முதலில் இருந்ததாம். முதலில் பெயர் உள்ளவன்தான் வீட்டுக்காரன். மைதானம் எவன் ஊரில் இருந்தாலும் சரி.

"நாங்க வெளியூர் டீமாம், மச்சான். கண்டியில வெச்சு நாங்க வெளியூர் டீமாம்."

நான் சிரித்தேன். பல நாட்களுக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தேன். அட்டவணை வந்து எத்தனையோ வாரம். அதை ஒருவன் வாசித்திருந்தால் போதும். தலைவருக்கு வாசிக்கத் தெரியாமல் இல்லை, தன் ஊரில் தன்னை ஒருவன் வெளியூர்க்காரன் என்பான் என்று அவருடைய மண்டையில் ஏறாது. இரண்டாவது நிறமும் காட்ட வேண்டும் என்று முன்பு கேட்டபோது, பழைய சிவப்பைப் படம் எடுத்து அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறார். தேவைப்படாது என்ற தைரியம். இப்போது ஆணையாளர், அந்தப் படத்தில் உள்ளதைத்தான் போட வேண்டும் என்று நிற்கிறார். போயா நாளில் புதிதாக அச்சடிக்க ஒரு கடையும் திறந்திருக்கவில்லை.

"எல்லார்ட வீட்டுக்கும் போனன்" என்றான் கோல்கீப்பர். "கலகெதரையில ஒருத்தன்ட ஜேர்சி வயல்ல வெருளிப் பொம்மைக்குப் போட்டு ஈந்திச்சு. கழட்டிக் கழுவி எடுத்தாச்சு. இனி உன்னோடதுதான் மிச்சம்."

"இவனுக்கு வேற நம்பர் குடுங்க."

"ஏலாது. பேரும் நம்பரும் பதிஞ்சாச்சு. நாலு இல்லாட்டி இவன் இறங்க ஏலாது."

"அப்ப நாலை நான் போடுறேன். என் ஜேர்சி, என் முதுகு."

அவன் கீழே பார்த்தான். "நாலு இவன்ட பேர்ல ஈக்குது, மச்சான். உன்ட பேர்ல ஈக்கிறது இருபத்தாறு. சிவப்புல இருபத்தாறு இல்ல."

இதைவிட அழகாக ஒருவனை வெளியே தள்ள முடியாது. ஜேர்சி என்னிடம் இருக்கிறது, ஆனால் இலக்கம் என்னுடையதல்ல. இலக்கம் என்னுடையதாக இருக்கிறது, ஆனால் ஜேர்சி இல்லை. எந்தப் பக்கம் போனாலும் நான் இறங்க முடியாது. என் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த நிமிடம்வரை, எங்கோ ஒரு மூலையில், யாருக்காவது கால் பிசகி என்னைக் கூப்பிடுவார்கள் என்ற ஆசை இருந்திருக்கிறது. அது போனபோதுதான் அது இருந்ததே தெரிந்தது.

இதற்குள் அம்மா அவர்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டு உட்கார வைத்திருந்தார். என் அம்மாவுக்கு எதிரி, நண்பன் என்ற பேதம் கிடையாது. பசித்தவன், பசிக்காதவன் என்ற பேதம் மட்டும்தான். ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் பாலில்லாத் தேநீரான சாயத்தண்ணியும் வைத்தார். அந்த நெடியவன் சம்பல் உறைத்துக் கண்ணில் நீர் வழிய வழியக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டான். பிறகு கோல்கீப்பரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான்.

"இந்த மாசத்தோட இவன்ட ஒப்பந்தம் முடியுது. மாலைதீவுல வேற கழகம் ஒண்டு நாளைக்கு இவன்ட ஆட்டத்தைப் பார்க்க ஆள் அனுப்புது. நாளைக்கு விளையாடாட்டி ஊருக்குத்தான் போகோணுமாம்."

"எல்லாருக்கும் ஒரு கதை இருக்கு" என்றேன். "எனக்கும் ஒண்ணு இருக்கு. அத எவனும் இங்கிலீசுல சொல்லல."

"ஏன்டா இப்பிடிப் பேசுற" என்றார் அம்மா. "தூரத்துலருந்து வந்த புள்ள. குடுத்துரு."

"நீங்க சும்மா இருங்க."

கோல்கீப்பரின் போன் அடித்தது. தலைவர். என்னிடம் கொடுக்கச் சொன்னார். அத்தனை வருடத்தில் அவர் என்னோடு போனில் பேசியது அதுதான் முதல் தடவை.

"டேய், ஒரு துணிக்காகவா இந்தப் பாடு படுத்துற?"

"வெறுந்துணின்னா பிரச்சினையே இல்ல, சேர். உங்க கடையில சிவப்புப் பெயின்ட் இருக்குமே. பச்சையில ஒரு கோட் அடிச்சு விடுங்க."

 நாளைக்குத் தோற்றால் ஊரே என் முகத்தில் காறித் துப்பும் என்றார். ஊருக்கு என் முகம் தெரிந்தால்தானே துப்புவதற்கு, என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு வரிகள்தான் அந்தச் சுற்றுப்போட்டியில் எனக்குக் கிடைத்த வெற்றி.

கோல்கீப்பர் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். வாசலில் இறங்கி நின்று செருப்பைப் போட்டுக்கொண்டே, "இவன் இல்லாட்டி என்ட போஸ்ட்டுக்கு முன்னால ஆள் இல்ல, மச்சான். அடி முழுக்க எனக்குத்தான். அவ்வளவுதான் விசயம்" என்றான். அது உண்மை. அந்த ஒருவனுக்காகத்தான் அலுமாரியைத் திறந்தேன். பெருந்தன்மை என்று யாரும் எழுதி வைக்க வேண்டாம்.

ஆனால் சும்மா கொடுக்கவில்லை. ஜேர்சியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நெடியவனைப் பார்த்துச் சொன்னேன், கோல்கீப்பர் ஆங்கிலமாக்கினான். மெட்ச் முடிந்ததும் இது மூட்டைக்குள் போகக் கூடாது. உன் கையாலேயே துவைக்க வேண்டும். காயவைத்து, மடித்து, இதே மலை ஏறி வந்து, நீயே என் கையில் தர வேண்டும். அவன் மலை ஏறி வந்து கைநீட்டி நிற்பதை நினைத்துப் பார்க்க எனக்கு இனிப்பாக இருந்தது. அவன் வலது கையை நெஞ்சில் வைத்து, "ஐ ப்ரொமிஸ்" என்றான். கறுப்புத் தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். அம்மாவும் சிரித்தார்.

மெட்ச்சுக்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன். மறுநாள் மதியம் டைல்ஸ் கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டு கண்டி பஸ்சில் ஏறினேன்.

கண்டியில் எங்கள் மெட்ச்சுக்கு அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. லீக் மெட்ச்சுகளுக்கு வராதவர்கள், எங்கள் கோல்கீப்பரின் பெயர்கூடத் தெரியாதவர்கள், முகத்தில் பச்சை பூசிக்கொண்டு வந்திருந்தார்கள். அணி சிவப்பில் இறங்கியதும் எது தங்கள் அணி என்று தெரியாமல் மாலைதீவுக்குக் கைதட்டினார்கள். தலைவர் மேடையில் பச்சைச் சேர்ட்டில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சிக்கு மட்டும் டிக்கட் காசு தகும்.

நான் கம்பி வேலி ஓரமாகப் போய் நின்றேன். சுற்றுப்போட்டியின் பாட்டு ஒலிபெருக்கியில் வந்தது. இரண்டு அணிகளும் வரிசையில் நின்றன. சிவப்பு வரிசையில் நாலு நின்றது. வலது தோளில் கறுப்பு நூல், வேலியிலிருந்து பார்த்தாலும் தெரிந்தது. என் தோள் இருக்க வேண்டிய இடத்தில் வேறு தோள். வேலிக் கம்பியில் நெற்றியை வைத்தேன். பக்கத்தில் கச்சான் கடலை தின்றுகொண்டிருந்தவன், பாட்டுக்காகத்தான் நான் உருகுகிறேன் என்று நினைத்திருப்பான்.

அவன் நன்றாக விளையாடினான். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மாலைதீவுக் கழகத்தின் தலைவன் ஒன்பதாம் இலக்கக்காரன், வேகமானவன். அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த நாலு அங்கே நின்றது. ஒரு பந்தை நான் போயிருந்தால் தவறவிட்டிருப்பேன் என்று எனக்கே தெரிந்தது. தெரிந்ததால் இன்னும் எரிந்தது.

"யாருங்க அந்த நாலு? தூணு மாதிரி நிக்கிறான்" என்றான் கச்சான்காரன்.

"வெளியூர்க்காரன்" என்றேன்.

கோல் எதுவும் இல்லாமல் மெட்ச் முடிந்தது. வெளிநாட்டுக் கழகத்துக்கு எதிராக எங்கள் கழகம் எடுத்த முதல் புள்ளி. கூட்டம் துள்ளியது. எங்கள் கோல்கீப்பர் மண்டியிட்டுத் தரையை முத்தமிட்டான். நான் கூட்டத்தைப் பார்க்கவில்லை, என் ஜேர்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு இது மலை ஏறும் என்று நினைத்தேன்.

அப்போது அந்த ஒன்பதாம் இலக்கக்காரன் நடந்து வந்தான். இருவரும் கட்டிப்பிடித்தார்கள். ஒன்பது தன் நெஞ்சைத் தொட்டு, பிறகு நாலின் நெஞ்சைத் தொட்டான். எங்களவன் ஒரு நொடி நின்றான். பிறகு இரண்டு கையாலும் ஜேர்சியைத் தலைக்கு மேலாக இழுத்துக் கழற்றினான்.

சர்வதேச மெட்ச் முடிந்தால் வீரர்கள் ஜேர்சி மாற்றிக்கொள்வது வழக்கம். ரி.வியில் நூறு தரம் பார்த்திருக்கிறேன். ஜேர்சியை மூட்டையில் போட்டே பழகிய எங்களுக்கு அது வேறு உலகத்துச் சடங்கு. அவர்களுக்கு அது கைகுலுக்குவது மாதிரி. அந்த வழக்கத்தை நான் நினைத்துப் பார்க்கவேயில்லை. துவைக்கச் சொன்னேன், மடிக்கச் சொன்னேன், மலை ஏறச் சொன்னேன். மாற்றாதே என்று சொல்லவில்லை.

"டேய்! அது என்னோடது!" என்று வேலியைப் பிடித்து உலுக்கிக் கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்களும் என்னோடு சேர்ந்து ஏதேதோ கத்தினார்கள். ஆரவாரம் என்று நினைத்துவிட்டார்கள். ஒன்பது என் ஜேர்சியால் முகத்தைத் துடைத்து, கழுத்தைத் துடைத்து, தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனான். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்றால் இதுதான். உடைத்தவனுக்குப் புண்ணியம், பிள்ளையாருக்குத் தேங்காய். கடைக்காரன் வேலிக்கு வெளியே நின்றான். உள்ளே போக முயன்றபோது, அனுமதி அட்டை இல்லை என்று காவலுக்கு நின்றவர் தடுத்தார். நான் இந்த அணியின் ஆள் என்றேன். எத்தனையாம் நம்பர் என்று கேட்டார். பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.

இரண்டாவது மெட்ச்சில் எங்கள் கழகம் பச்சையில் இறங்கி, பூட்டான் கழகத்திடம் தோற்றது. சுற்றுப்போட்டி அதோடு முடிந்தது. எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நானும் அம்மாவும் வீட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, வாசலில் அந்த நெடியவன் நின்றான். பஸ்சில் தனியாக வந்திருக்கிறான். கையில் ஒரு பை. சொன்ன சொல் தவறவில்லை. துவைத்து, காயவைத்து, சட்டைக் கடையில் மடிப்பதுபோல மடித்திருந்தான். இரண்டு கையாலும் நீட்டினான். பச்சை. மாலைதீவுக் கழகத்தின் ஒன்பது.

"அவன் கேட்டான்" என்று மெல்ல மெல்ல, எனக்கு விளங்கும் ஆங்கிலத்தில் சொன்னான். "கேட்டால் மறுக்கக் கூடாது. மறுத்தால் அவமானம். இது அணித்தலைவனின் ஜேர்சி. உன்னுடையதைவிடப் பெறுமதி. உனக்குத்தான்."

எனக்கு வந்த கோபத்தைத் தமிழில் சொல்லவே சொல் போதாது, ஆங்கிலத்துக்கு எங்கே போவேன். "தட் இஸ் நொட் மைன்" என்றேன். அவன் புரியாமல் தலையாட்டி, இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினான். ஆள் அனுப்பிப் பார்த்த அந்த மாலைதீவுக் கழகம் அவனை எடுத்துவிட்டதாம். அடுத்த கிழமை விமானம். நன்றி சொல்லத்தான் வந்தானாம். அவனுடைய நன்றியை வாங்க எனக்குக் கை நீளவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே அம்மா அவனுக்கு ரொட்டி சுடுகிற வாசனை வந்தது.

பச்சை ஜேர்சியை அம்மா வாங்கி வைத்துக்கொண்டார். பனிக்காலத்தில் காலையில் விறகெடுக்கப் போகும்போது அதை மாட்டிக்கொள்கிறார். நல்ல கதகதப்பாம். முதுகில் பெரிய ஒன்பதோடு அவர் தேயிலைக்குள் நடந்து போவதைப் பார்க்கும் ஒவ்வொரு காலையும் எனக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது.

கழகத்தை விட்டுவிட்டேன். விட்டேன் என்று நான் சொல்கிறேன், ஆனால் யாரும் வந்து கூப்பிடவும் இல்லை. கறிக்குப் போட்ட கறிவேப்பிலையை எவன் தேடுவான்? கோல்கீப்பரின் கடைக்கு மட்டும் போவதுண்டு. போன வாரம் போனபோது அவன் ஒரு போனைத் துடைத்து என் முன்னால் வைத்தான். "பாத்திட்டு கோவப்படாத" என்றான்.

அந்த ஒன்பதாம் இலக்கக்காரன் தன் வீட்டைப் படம் எடுத்து இணையத்தில் போட்டிருந்தான். சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், விரித்துத் தொங்கியது என் சிவப்பு ஜேர்சி. அதற்கென்று மேலே ஒரு விளக்கும் வைத்திருந்தான். நாலு. தோளிலிருந்து அக்குள்வரை அம்மாவின் கறுப்புத் தையல். யாரு பாக்கப் போறா என்று அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. சட்டத்தின் கீழே, பொன்னிற எழுத்தில், சுற்றுப்போட்டியின் பெயரும் அந்த நெடியவனின் பெயரும் இருந்தன. என் வாழ்வில் வெளிநாட்டவன் ஒருவன் மதித்துக் காப்பாற்றி வைத்திருக்கிற ஒரே பொருள், வேறொருவன் பெயரில்.

படத்தின் கீழே ஆயிரம் பேர் எழுதியிருந்தார்கள். எனக்குத் தா, இது எனக்கு வேண்டும், இது என்னுடையது என்று ரசிகர்கள் விளையாட்டாக எழுதிய வரிகள். நான் கோல்கீப்பரின் போனிலேயே, ஓர் எழுத்தும் பிழைக்காமல் பார்த்துப் பார்த்து, ஆங்கிலத்தில் எழுதினேன்: இது என் ஜேர்சி, கறுப்பு நூல் என் அம்மா தைத்தது.

சாயத்தண்ணி ஆறுமுன் போன் ஒரு முறை ஒலித்தது. ஒன்பது பார்த்துவிட்டான். மற்ற எல்லோருக்கும் போட்டதுபோல எனக்கும் ஓர் இதயம் போட்டிருந்தான்.